கையில் கத்தி இருக்கிறது

பொய் சொல்லியிருந்தால் எப்போதோ யாரிடமாவது ஒப்புக்கொண்டு மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பேன். நான் சொன்னது உண்மை. அதுதான் இத்தனை ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. 2018 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதே காலுக்கு, 10111 என்ற காவல்துறை எண்ணை அன்றைய மாலையில் இரண்டாவது முறையாக அழைத்து, "கையில் கத்தி இருக்கிறது, உள்ளே வயதான அம்மா இருக்கிறார், கதவு பூட்டியிருக்கிறது" என்று சொன்னேன். கத்தி இருந்தது. அம்மா இருந்தார். கதவும் பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் அந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியபோது நான் என்ன செய்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சனங்கள் கூடுகிற இடங்களில், கோயில் கூழ் ஊற்றும் நாளிலோ சாவு வீட்டு வாசலிலோ, மனநிலை சரியில்லாத பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் அது இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கும்: போலீஸ் கூப்பிட்டால் வருவதில்லை, வந்தால் அடிக்கிறார்கள். இரண்டையும் நானே பேசியிருக்கிறேன், இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பேச்சில் தொலைபேசியைக் கையில் பிடித்திருப்பவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூப்பிடுகிறவர் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற கேள்வி நம் வீட்டுக்குள்ளேயே அமுங்கிப்போகிறது. அதைத்தான் எழுதிப் பார்க்க நினைக்கிறேன்.

நான் கும்பகோணத்தில் பிறந்து, திருமணமாகி 2005இல் இங்கே வந்தவள். கணவர் வீட்டார் கரும்புத் தோட்டக் கூலிகளின் ஐந்தாம் தலைமுறை. வீட்டில் பேச்சு மொழி ஆங்கிலம். மாமியாரிடம் மட்டும் அடுப்படித் தமிழ் மிச்சமிருக்கிறது. உப்பு, புளி, போதும், வா, போ, கண்ணு, சனியன் என்று ஒரு இருநூறு சொற்கள் இருக்கும். அவரை நாங்கள் எல்லோரும் 'மா' என்றே அழைப்போம். கணவரின் தம்பிக்கு அப்போது 31 வயது. எனக்கும் அவன் தம்பிதான். என்னை அண்ணி என்பான். 22 வயதில் அவனுக்கு வந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்று, ஸ்கிசோஃப்ரினியா. உறவினர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பல: காற்று, கண்ணேறு, செய்வினை, படிப்பு தலைக்கேறியது. மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ளும் வரை அவன் அந்தத் தெருவிலேயே மிகச் சாதுவான ஆள். அந்த ஆண்டு அக்டோபரில் மருந்து வரவில்லை என்று கிளினிக்கில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் போனபோது வரிசை நீண்டிருந்தது என்று திரும்பிவிட்டான். அதற்கடுத்து அவனே போகவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. அவன் நன்றாக இருந்ததால் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் இருக்கிற வேடிக்கை.

டிசம்பர் என்றால் இங்கே மாங்காய் ஊறுகாய் போடும் காலம். மா ஒரு சாக்கு மாங்காய் வாங்கிவைத்திருந்தார். நான்கு இரவுகள் தூங்காமலிருந்த தம்பி, அன்று நண்பகலில் அடுப்படி மேசையில் உட்கார்ந்து அவற்றை நறுக்கத் தொடங்கினான். மரப்பிடி விரிசல் விட்டு, கறுப்பு இன்சுலேஷன் நாடா சுற்றப்பட்ட சிறிய காய்கறிக் கத்தி. முதல் கிண்ணம் நிறைந்தது, இரண்டாவது நிறைந்தது, சோறு வடிக்கும் பாத்திரம் நிறைந்தது. பிறகு மேசைமேலேயே குவிக்க ஆரம்பித்தான். சதை தீர்ந்தபின் கொட்டையோடு சேர்த்து வெட்டினான். ஒரே கூரையின்கீழ் நடுச்சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகளில் ஒன்று அது. பக்கத்து வீட்டார் அந்தச் சுவர்வழியே தன்னை ஒட்டுக்கேட்கிறார்கள் என்றும், சத்தம் நின்றால் உள்ளே வந்துவிடுவார்கள் என்றும் மாவிடம் சொல்லியிருக்கிறான். அதனால் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது மாலை ஏழு மணி. கணவர் துறைமுகத்தில் இரவுப் பணியில் இருந்தார். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். ஓடிப் போய் வாசலில் நின்றேன். "நீங்க உள்ள வராதீங்க அண்ணி, உங்களையும் எழுதிக்குவாங்க" என்று அவன் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சொன்னான், ஆனால் அந்த மரியாதையோடு சொன்னான்.

முதலில் ஆம்புலன்ஸுக்காக 10177ஐ அழைத்தேன். நோயாளி வன்முறையில் ஈடுபடுகிறாரா என்று கேட்டார்கள். தெரியவில்லை, கதவைப் பூட்டியிருக்கிறார் என்றேன். அப்படியானால் காவல்துறை முதலில் வரவேண்டும், எங்கள் ஆட்களைத் தனியாக அனுப்ப முடியாது என்றார்கள். நியாயம்தான். 10111ஐ அழைத்தேன். யாரையாவது அடித்தாரா? இல்லை. எதையாவது உடைத்தாரா? இல்லை. அப்படியானால் குடும்பத்தினரே மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாமே என்று சொல்லிவிட்டு, ஒரு பதிவு எண்ணைக் கொடுத்தார் மறுமுனையிலிருந்த பெண். அவர் குரலில் எரிச்சல் இல்லை. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். உள்ளே கத்தி பலகையில் விழும் சத்தம் நிற்கவே இல்லை. அதன்பிறகுதான் அந்த மூன்று வாக்கியங்கள்.

இந்நாட்டுக் காவல்துறை தனக்கு வரும் அழைப்புகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தரம் பிரித்து வைக்கிறது. ஆண்டறிக்கையில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள் என்ற சராசரிக் கணக்கையே போடுகிறார்கள். ஆல்ஃபா என்றால் குற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மற்ற இரண்டும் நடந்து முடிந்த குற்றங்கள், ஒன்று கடுமையானது, மற்றது அவ்வளவு கடுமையில்லாதது. நான்கு நாள் தூங்காதவன் மாங்காய் நறுக்குவது இந்த மூன்றிலும் சேராது. அவன் கையில் இருப்பதை நான் 'கத்தி' என்று சொன்ன கணத்தில் அது முதல் தரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். பதினோரு நிமிடத்தில் வந்தார்கள்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்

இரண்டு வண்டிகள், நான்கு பேர். பின்புறம் கூண்டு வைத்த அந்த வண்டியை இங்கே எல்லோரும் 'பக்கி' என்பார்கள். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. மூன்று பேர் இளைஞர்கள், ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையில் நம் குடும்பப் பெயர்களில் ஒன்று, வெள்ளைக்கார எழுத்தர் என்றோ கேட்டு எழுதிய கோணலான எழுத்தில் இருந்தது. இறங்கியதும் முதல் கேள்வி, "சுகர்ஸா?" என்பது. எங்கள் பகுதிகளில் பரவியிருக்கும் மட்டரகப் போதைப்பொருளுக்கு அதுதான் பெயர். இளைஞன் ஒருவன் இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கத்தியோடு இருக்கிறான் என்றால் பத்துக்கு எட்டு இடத்தில் அவர்கள் பார்ப்பது அதைத்தான் என்பதை நான் மறுக்கமாட்டேன். இல்லை, நோய், ஊசி தவறிவிட்டது என்றேன். அதை அவர்கள் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒருவர் துப்பாக்கியை உருவியிருந்தார்.

அதுவரை தம்பி எங்களைப் பார்க்காமல் மாங்காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். டார்ச் வெளிச்சம் கம்பிகளின் நிழலோடு அவன் முகத்தில் விழுந்ததும் எழுந்து நின்றான். அப்போது நான் பார்த்ததை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்க முடிகிறது: நறுக்குவதற்காகக் கட்டைவிரலை முதுகில் வைத்து லேசாகப் பிடித்திருந்த கத்தியை, அவன் கைக்குள் திருப்பி, ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தான். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை அது காய்கறிக் கத்தி. நான் தொலைபேசியில் சொன்னதும், அவர்கள் அதை நம்பி வந்ததும், அவர்கள் வந்ததைப் பார்த்து அவன் பயந்ததுமாகச் சேர்ந்து, நான் சொன்னதை முழு உண்மையாக்கிவிட்டன. கீழே போடு, கீழே போடு என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் கத்தினார்கள். தெருவில் எதிர்வீட்டுக்காரர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

மா அவனுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். நான்கடி பத்தங்குல உயரம், வீட்டுக்குள் போடும் பூப்போட்ட நைட்டி. காவலர்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மகனிடம் தமிழில் பேசினார். அவர் முழு வாக்கியமாகத் தமிழ் பேசி நான் கேட்டது அதற்குமுன் மிகக் குறைவு. "போதும்டா கண்ணு. இவ்ளோ மாங்கா போதும். வை கீழ. உப்பு போடணும்." இளைய காவலர் ஒருவர், என்ன சொல்கிறாய், ஆங்கிலத்தில் பேசு என்று இரைந்தார். ஏதோ சதி சொல்கிறார் என்று நினைத்திருக்கலாம். வயதானவர் அவர் கையின்மேல் தன் கையை வைத்தார். மா திரும்பவே இல்லை. உப்பு ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். தம்பி மேசையைப் பார்த்தான், குவியலைப் பார்த்தான், வேலை முடிந்துவிட்டதா என்று யோசிப்பவனைப்போல. பிறகு கத்தியைப் பலகைமேல் வைத்து, கைகளைச் சட்டையில் துடைக்கப் போய், சட்டை போடவில்லை என்பதை உணர்ந்து கால்சட்டையில் துடைத்தான். சாவியை அவனே கம்பிவழியாக நீட்டினான்.

அதன்பிறகு நடந்தது வேகமாக நடந்தது. விலங்கு பூட்டினார்கள், தரையில் குப்புறப் படுக்கவைத்தார்கள், முதுகில் ஒரு முழங்கால் சிறிது நேரம் இருந்தது. அடிக்கவில்லை. மா ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வண்டிவரை ஓடினார்; விலங்கோடு சட்டை போட முடியாது என்று அதைத் தோள்மேல் போட்டுவிட்டார்கள். வண்டி கிளம்பியபோது கூண்டின் கம்பி வலைக்குள் அந்தச் சட்டை நழுவி விழுவது தெரிந்தது.

இரண்டு படிவங்கள்

அவசரப் பிரிவில் விடியற்காலை இரண்டரை மணிவரை உட்கார்ந்திருந்தோம். ஒரு மருத்துவர் வந்து கையெழுத்திட்டு அவனை ஏற்றுக்கொள்ளும்வரை காவலர்கள் போக முடியாது. அவர்கள் நிலையத்தின் எல்லைக்கு அன்றிரவு இருந்தவை இரண்டு வண்டிகள். அதில் ஒன்று இங்கே நிற்கிறது, ரேடியோவில் திருட்டும் விபத்துமாக அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. வயதான அதிகாரி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா அவனிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். மாங்காய் போதும், உப்பு போடவேண்டும் என்று மொழிபெயர்த்தேன். சிரித்துவிட்டார். "மாங்கா" என்று தன் நாக்கில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். அவருடைய ஆயா சொல்லுமாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படியானால் அவன் யாரையும் மிரட்டவில்லையா என்றார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். அதன்பின் மடியிலிருந்த 22ஆம் எண் படிவத்தில், காவல்துறை ஒருவரை மருத்துவமனையிடம் ஒப்படைக்கும்போது நிரப்பவேண்டிய அந்தப் படிவத்தில், 'கத்தி வைத்திருந்தார், ஆவேசமாக இருந்தார்' என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இதை எழுதாவிட்டால் நான் எதற்காக அவனைத் தூக்கிவந்தேன் என்று கேட்பார்கள், சிஸ்டர்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுதாகப் புரிந்தது, பல மாதங்கள் கழித்து 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை உட்கார்ந்து வாசித்தபோதுதான். 40ஆம் பிரிவு. ஒருவர் மனநோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு விளைவிக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால் காவலர் அவரைப் பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். செய்யலாம் என்றில்லை, செய்தே ஆகவேண்டும். ஆனால் அந்த நம்பிக்கை இரண்டே வழிகளில் வரலாம் என்கிறது சட்டம்: காவலர் தாமே நேரில் கண்டிருக்க வேண்டும், அல்லது மனநலப் பணியாளர் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். தாயோ, அண்ணியோ சொன்னது அந்தப் பட்டியலில் இல்லை. முதல் அழைப்பில் 'அடித்தாரா, உடைத்தாரா' என்று கேட்ட பெண் கடமையைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தக் கேள்விகளின் பின்னால் சட்டமே நின்றுகொண்டிருந்தது. குடும்பத்துக்கென்று அதே சட்டத்தில் வேறு வாசல் இருக்கிறது: 33ஆம் பிரிவின்படி, கடந்த ஏழு நாட்களுக்குள் நோயாளியைப் பார்த்த உறவினர் ஒருவர் 4ஆம் எண் படிவத்தில் உறுதிமொழியோடு மருத்துவமனைத் தலைமைக்கு விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் பரிசோதிக்க ஆள் வரவேண்டுமே. வரமாட்டேன் என்று கதவைப் பூட்டிக்கொண்டவனை எப்படிக் கொண்டுவருவது? மருத்துவமனை 'அழைத்து வா' என்கிறது, ஆம்புலன்ஸ் 'போலீஸ் வரட்டும்' என்கிறது, போலீஸ் 'ஆபத்து கண்ணுக்குத் தெரியட்டும்' என்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில், இந்த நாட்டில் ஒவ்வொரு இரவும் யாரோ ஒரு தாய் தொலைபேசியில் ஒரு கத்தியைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். என்னைப்போல் பாதி உண்மையாக இருந்தவர்களும் இருப்பார்கள், முழுக்கப் பொய் சொன்னவர்களும் இருப்பார்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதிகாரியின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, இரண்டாவது படிவம் என் கையால் எழுதியது. காவலர் கொண்டுவந்து விட்டவரை 24 மணி நேரம்தான் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் 33ஆம் பிரிவின்படி விண்ணப்பம் வராவிட்டால் உடனே வெளியே விட்டுவிட வேண்டும். மறுநாள் காலை மாவை அழைத்துக்கொண்டு போனேன். மாவுக்குக் கை நடுங்கும், நான்தான் நிரப்பினேன். 'விண்ணப்பத்துக்கான காரணங்கள்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே மாங்காயை எழுதியிருக்கலாம். நான்கு இரவு தூங்காதது, சுவரைப் பற்றிய பயம், தவறிய ஊசிகள், பயத்தில் பூட்டிய கதவு, அம்மா சொன்னதும் தானே நீட்டிய சாவி என்று நடந்ததை நடந்தபடி எழுத அந்தக் கோடுகளில் இடமிருந்தது. பக்கத்தில் நின்ற செவிலியர், படுக்கை ஒன்றுகூட இல்லை, ஆபத்தானவர்களை மட்டும்தான் வைத்துக்கொள்கிறோம் என்றார். அவர் என்னை மிரட்டவில்லை, நிலைமையைச் சொன்னார். நான் எழுதினேன்: கத்தியோடு வீட்டைப் பூட்டிக்கொண்டார். மா கையெழுத்துப் போட்டுவிட்டு, என்ன எழுதினாய் என்று கேட்டார். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறேன் மா, என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

72 மணி நேர மதிப்பீட்டுக் காலத்தில் முதல் இரவு முழுவதும் அவனைக் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள். மணிக்கட்டில் இருந்த தடத்தைப் பிறகு பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, கத்தி என்று தாளில் இருக்கிறதே என்றார் அந்த வார்டில் இருந்தவர்.

பழைய வழக்கம்

நோயாளியைக் காவலர் வழியாக மருத்துவரிடம் சேர்ப்பது இங்கே புதிதாக வந்த பழக்கமில்லை. முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது 1860இல். அதற்கு எட்டே ஆண்டுகள் கழித்து, 1868இல், மனநோயாளிகளைக் காவலில் வைப்பதற்கென்று, டர்பன் அடங்கிய நேட்டால் காலனி ஒரு சட்டம் போட்டுவிட்டது. 'காவல்' என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருந்தது. பிறகு 1916இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் முழுமைக்குமான சட்டம், 1973இல் இன்னொன்று. அந்த 1973 சட்டம்வரை ஒருவரை மருத்துவமனையில் அடைப்பதற்கான உத்தரவை மாஜிஸ்திரேட் பிறப்பித்தார். நோயாளி ஏறக்குறைய ஒரு குற்றவாளியின் பாதையிலேயே நடந்து போனார். 2002 சட்டம் மாஜிஸ்திரேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மருத்துவமனைத் தலைமையை உட்காரவைத்தது, மேலே மேற்பார்வைக்கு மறுஆய்வு வாரியங்களை அமைத்தது. மனித உரிமை நோக்கில் பெரிய முன்னேற்றம் என்று அதைப் பாராட்டுகிறார்கள், பாராட்டத்தக்கதுதான். வாசலில் வந்து நிற்கும் வண்டி மட்டும் மாறவில்லை.

வேறு வழியே இல்லை என்பதும் இல்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1987இல் மனநலம் குன்றிய ஓர் இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர் கையிலும் கத்திதான். அதையொட்டி 1988இல் அங்கே, விருப்பப்பட்டு முன்வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து, இத்தகைய அழைப்புகளுக்கு அவர்களை அனுப்பும் முறையைத் தொடங்கினார்கள். அது பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. பயிற்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அன்று எங்கள் வாசலில் ஒருவர் மட்டும் பேசி மற்ற மூவரும் வாயை மூடியிருந்தால், டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்திருந்தால், அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்தே இருக்கமாட்டான். ஆனால் பயிற்சி பெற்றவரும் தொலைபேசியில் கேட்டதைக் கொண்டுதான் வண்டியில் ஏறுகிறார். அவர் மனத்தில் முதல் படத்தை வரைந்து கொடுப்பது நாம்.

2020 ஆகஸ்ட் 26 அன்று ஜோகன்னஸ்பர்குக்குத் தெற்கே எல்டோராடோ பார்க்கில், டவுன் சிண்ட்ரோம் இருந்த 16 வயதுச் சிறுவன் நத்தேனியல் ஜூலீஸ் காவலர் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தான். அவனால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை என்றும், கையில் பிஸ்கட் இருந்தது என்றும் வீட்டார் சொன்னார்கள். அந்தச் சிறுவனைப் பற்றி யாரும் தொலைபேசியில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவன் வீட்டருகே தெருவில் நின்றான், அவ்வளவுதான். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். "அவனுக்கும் கேள்வி புரிஞ்சிருக்காது அண்ணி" என்றான்.

அந்த ஒரு வரி

கத்தி அதோடு முடிந்துவிடவில்லை. மருத்துவமனையில் மருத்துவர்கள் மாறுவார்கள், கோப்பு மாறாது. ஊசிக்கு மாதந்தோறும் போகும் இடத்தில், உதவித்தொகை புதுப்பிக்கப் போன இடத்தில், தலைசுற்றல் என்று போன சாதாரணப் பிரிவில்கூட, கோப்பைப் புரட்டும் புதிய முகம் ஒரு பக்கத்தில் வந்ததும் நிற்கும். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அல்லது கதவைத் திறந்துவைக்கச் சொல்வார்கள். 2022இல் ஓர் இளம் மருத்துவர் நேராகவே கேட்டார்: வன்முறைப் பின்னணி உண்டு என்று இருக்கிறதே, கத்தி என்று? நான் மாங்காயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கேட்டுக்கொண்டார், உண்மையிலேயே பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இறுதியில், காவல்துறை அறிக்கையும் குடும்பத்தாரின் விண்ணப்பமும் ஒரே மாதிரி சொல்கின்றனவே என்றார். இரண்டு வெவ்வேறு சாட்சிகள் என்று அவர் நினைத்தார். இரண்டும் நான் சொன்ன ஒரே வாக்கியம்தான் என்பதை எப்படி விளக்குவது? தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த காசநோய் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அவன் என்னை ஒருநாளும் கேட்டதில்லை, தொலைபேசியில் என்ன சொன்னாய் என்று. தெரிந்திருக்கலாம்.

2023 ஜூன் மாதம் மறுபடி அறிகுறிகள் தெரிந்தன. இம்முறை ஊசி தவறவில்லை. நோய் சிலசமயம் காரணமில்லாமலும் வரும். இரண்டு இரவு தூக்கமில்லை, சுவர் மறுபடி பேசத் தொடங்கியது. நான்காம் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி, காவல் நிலையத்துச் சார்ஜ் ஆபீசுக்குப் போய் உறுதிமொழி எடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். காரணங்கள் என்ற இடத்தில் சின்ன எழுத்தில் பத்து வரி எழுதியிருந்தேன். அன்றிரவு அவன் கதவைப் பூட்டிக்கொண்டபோது 10111ஐ அழைத்தேன். கையில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது ஓர் ஆண் குரல். அடுப்படி இழுப்பறையில் நான்கு கத்திகள் இருப்பது எனக்குத் தெரியும். கறுப்பு நாடா சுற்றியதும் அதில் ஒன்று. அவன் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒன்றும் இல்லை, என்றேன். யாருக்காவது ஆபத்தா? இப்போது இல்லை, என்றேன். பதிவு எண் கொடுத்தார்.

கணவரும் நானும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். ஜூன் மாதக் குளிர், மேலே போர்வை. மா உள்ளேயிருந்து கம்பிவழியாகத் தேநீர் கொடுத்தார். அன்றிரவு உள்ளே ஏதாவது நடந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அல்லது எழுதியே இருக்கமாட்டேன். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு முறை கைப்பேசியை எடுத்தேன். இரண்டு முறையும் கணவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மணிக்குச் சற்று முன்பு தம்பிக்குக் களைத்துவிட்டது. அண்ணன் கூப்பிட்டபோது வேண்டாம் என்றான், மா கூப்பிட்டபோது வேண்டாம் என்றான், பிறகு குளிக்கவேண்டும் என்று சொல்லி அரைமணி நேரம் குளித்துவிட்டு வந்து, முன்னிருக்கையில்தான் உட்காருவேன் என்ற நிபந்தனையோடு காரில் ஏறினான். சட்டை போட்டிருந்தான், அதற்கு மேல் ஸ்வெட்டரும்.

பிற்பகல் மூன்று மணிக்கு நான் மருத்துவமனை நடையில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. இரவு கொடுத்த புகாருக்காக இப்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறோம், பக்கியில் இரண்டு பேர் வந்திருக்கிறோம், கதவைத் தட்டினால் ஒரு வயதான அம்மா ஏதோ புரியாத மொழியில் பேசுகிறார், ஆபத்து எதுவும் தெரியவில்லை என்றார் ஒரு காவலர். ஆமாம், எதுவும் இல்லை என்றேன். அப்படியானால் புகாரை முடித்துவிடலாமா என்று கேட்டார். முடித்துவிடுங்கள் என்றேன்.